போடியில் வசந்தம் தேடிய மாப்ளே

வசந்த காலத்தில் சின்னக் குழந்தைகளோடு குடும்பமாகச் செய்யத்தக்க குதூகலமான காரியங்கள் என்று ஒரு கட்டுரை. குவைத்தில் என்னோடு அறையில் தங்கியிருப்பவன் அதை எனக்கு அனுப்பியிருந்தான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் நான் மூன்று வருடம் கழித்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் குடும்ப வாழ்க்கைமீது அவனுக்குத் திடீர் அக்கறை வந்துவிட்டது. புல்தரையில் போர்வை விரித்துச் சாப்பிடலாம், பட்டம் விடலாம், தொட்டியில் விதை ஊன்றலாம், பூக்களுக்கு நடுவே நடக்கலாம், மழைக்குட்டையில் குதிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் பனி உருகும் ஏதோ ஒரு தேசத்தைச் சேர்ந்தவர். கம்பளிச் சட்டையைப் பரணில் போட்டுவிட்டுச் சூரியனை வரவேற்கத் தயாராகுங்கள் என்றுதான் ஆரம்பித்திருந்தார். போடிநாயக்கனூரில் பங்குனி மாதச் சூரியனை யாரும் வரவேற்பதில்லை. அதுவாக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

என் மனைவி செல்வி போடிக்காரி. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நான் விருதுநகர் பக்கத்து ஆள் என்றாலும் என் குடும்பம் இருப்பது என் மாமனார் வீட்டில்தான். பெரியவள் மதிக்கு எட்டு வயது. சின்னவள் இனியாவுக்கு நான்கு. நான் கிளம்பும்போது இனியா தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் நடந்தது, பல் முளைத்தது, முதல் வார்த்தை பேசியது எல்லாவற்றையும் நான் கைபேசியில்தான் பார்த்தேன். பாதியில் படம் உறைந்துபோகும். அவள் முதல் அடி எடுத்து வைத்து ஒரு காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஊருக்கு வருகிறோமே, மாமனார் முன்னால் தாடியோடு நிற்பது மரியாதையாக இருக்காது என்று விமானம் ஏறுவதற்கு முன்னால் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டேன். இந்தப் பயணத்தில் நான் செய்த முதல் புத்திசாலித்தனம் அது.

வாசலில் நான் இறங்கியதும் செல்வி இனியாவைத் தூக்கி வந்து, "அப்பா வந்துட்டாங்க பாரு" என்றாள். இனியா என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள்கூட அவ்வளவு நிதானமாகப் பார்க்க மாட்டார்கள்.

"அப்பா போன்ல தான இருக்காரு" என்றாள்.

"அந்த அப்பாதான்டி இவரு" என்றாள் மதி.

"இல்ல. அப்பாவுக்குத் தாடி இருக்கு."

அதோடு வழக்கு முடிந்தது. அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் வாங்கி வந்த பொம்மையை மட்டும் முகத்தைக் காட்டாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மாமனார், "வாங்க மாப்ளே, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா" என்றார். எதிர் வீட்டுக்காரர், "மாப்ளே எப்ப வந்தீக" என்றார். பால் ஊற்ற வந்தவர், தெருவில் சும்மா போனவர், ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் என்று அன்றைக்கு முழுக்க ஊரே எனக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தது. பெண் எடுத்த ஊரில் ஒருவனுக்கு வேறு பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

சாயங்காலம் செல்வி இனியாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதியைத் தரையில் சிந்தி, என் முன்னால் வந்து நின்றாள்.

"மாப்ளே, தண்ணி" என்றாள்.

வீடே சிரித்தது. மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். தண்ணீரைக் குடிக்கும்போதுதான் உள்ளே சுருக்கென்றது. என் விடுப்பு மிகச் சின்னது, வெள்ளிக்கிழமை திரும்பிப் போகவேண்டும். அதற்குள் ஒரே ஒரு தடவை, கைபேசி இல்லாமல், என் முகத்தைப் பார்த்து அவள் அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்றிரவு அறைத்தோழன் அனுப்பிய கட்டுரையை எடுத்து முழுசாகப் படித்தேன். விரக்தியில் இருப்பவன் எதையும் நம்புவான்.

மறுநாள் விதை ஊன்றும் படலம். பழைய வாளியில் மண் நிரப்பி, பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்து, வெண்டை விதையைக் கையில் கொடுத்தேன். மண்ணின் ஈரத்தைக் குழந்தை உணரும்போது பெற்றோருடனான பிணைப்பு வலுவாகும் என்று கட்டுரை சொல்லியிருந்தது. ராசிங்காபுரத்தில் தோட்டம் வைத்து வாழ்நாளெல்லாம் விதை ஊன்றியவர் என் மாமனார். நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வெதைக்கு மூணு பேரா மாப்ளே" என்றார்.

இனியா தன் விதையை ஊன்றினாள். பிறகு தோண்டி எடுத்து முளைத்துவிட்டதா என்று பார்த்தாள். மறுபடி ஊன்றினாள். மத்தியானத்துக்குள் அந்த விதை வெளியே வந்து பார்த்த அளவுக்கு நான் குவைத்தை விட்டு வெளியே வந்ததில்லை. கடைசியில் அதைக் கோழி தின்றது. பிணைப்பு கோழிக்கும் வாளிக்கும் ஏற்பட்டது.

மனம் வெறுத்து டீக்கடைக்குப் போனேன். குவைத்தில் எங்கள் முதலாளி தரும் காப்பியில் ஏலக்காய் மணம் தூக்கலாக இருக்கும். மூன்று வருடமாக அதைக் குடிக்கும்போதெல்லாம் போடியை நினைத்துக்கொள்வேன். தெருவுக்குத் தெரு ஏலக்காய் காயவைத்துத் தரம் பிரிக்கிற ஊரில் டீ எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெறும் டீயாகத்தான் இருந்தது. கடைக்காரரிடம் ஏலக்காய் போடமாட்டீர்களா என்று கேட்டேன்.

"ஏலக்கா விக்கிறதுக்கு மாப்ளே" என்றார் அவர். "இஞ்சி வேணா தட்டிப் போடவா?"

அடுத்த நாள் மாமனாரையும் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரம் தோட்டத்துக்குப் போனோம். பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் தேவாரம் பக்கம் யானை இறங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வனவிலங்குகளைத் தூரத்திலிருந்து குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று கட்டுரையில் ஒரு வரி உண்டு. எழுந்த ஆவலை அடக்க முடியாமல், தேவாரம் போனால் யானையைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன். அதில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி எந் தென்னங்கன்னப் பூராவும் புடுங்கிப் போட்டுருச்சு. நீங்க பாக்கணும்னா வந்து கூட்டிட்டே போயிருங்க" என்றார்.

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரென்றே தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு முகம் உண்டு. அதுதான் அப்போது இருந்தது.

தோட்டத்தில் புல்தரை தேடினேன். போர்வை விரிக்கத் தோதாக இருந்த இடமெல்லாம் நெருஞ்சி முள். முள் இல்லாத இடம் ஒரு மாமரத்தடி. அங்கே முசுறு எறும்பு. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் திறந்தவுடன் எறும்புகள் எங்கள் குடும்பத்தைவிட ஒற்றுமையாக வந்து உட்கார்ந்தன. கடைசியில் மோட்டார் ரூம் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. குவைத்தில் நான் பொங்கித் தின்பதை இனிமேல் சோறு என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பிறகு பட்டம். ஆடியில் வந்தால் போடிக் காற்று ஆளையே தூக்கிவிடும். பங்குனியில் ஒரு இலை அசையவில்லை. நான் வரப்பில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பட்டம் செத்த கோழி மாதிரி பின்னால் இழுபட்டு வந்தது. பக்கத்துக் காட்டில் வேலை செய்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, "மாப்ளேக்கு என்னா ஆச்சு, எதுவும் கடிச்சுருச்சா" என்று செல்வியிடம் விசாரித்தார். மதி அந்தப் பட்டத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்பனின் மானத்தைக் காப்பாற்றும் வயது அவளுக்கு வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு என்ன நடந்தது என்றால், மாமனார் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. பிள்ளைகள் இரண்டும் உடுப்போடு உள்ளே குதித்துச் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. கட்டுரையில் பம்புசெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் கரையில் நின்று இனியாவுக்குக் கையை நீட்டினேன். "மாப்ளே, அங்கிட்டுப் போங்க. தண்ணி தெறிக்கும்" என்றாள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத் தன் செருப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, கீழே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஈரச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேலையில்கூட இப்படி ஒரு பதவி உயர்வு எனக்குக் கிடைத்ததில்லை.

மிச்சம் இருந்தது பூக்களும் மழைக்குட்டையும். குரங்கணிக்குப் போகலாம் என்றாள் செல்வி. ஜீப்பு ஓட்டும் முத்து அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. எனக்கு மச்சான். காலையில் ஜீப்பு நிற்கும் இடத்தில் அவரிடம் போய், "குடும்பத்தோட மலைக்குப் போகணும்" என்றேன்.

"மலையில என்னா சோலி மாப்ளே?"

"சோலி ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். போடியில் மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும்போது திரும்புவதற்குப் பெயர்தான் மலைக்குப் போவது. சும்மா மலைக்குப் போவது என்பது சும்மா ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது மாதிரி.

"சும்மாவா?" என்று மறுபடி கேட்டார். "தோட்டம் கீட்டம் பாக்க வந்துருக்கீகளா? எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னா மாப்ளே?"

"பூ பாக்கணும் மச்சான். பிள்ளைகளுக்கு."

"பூவா" என்றார். அதற்குமேல் கேட்பது நாகரிகம் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். "சரி, வெரசா ஏறுங்க. வரும்போது எலவம்பஞ்சு லோடு இருக்கு. அதுக்கு எடம் விட்டு ஒக்காந்துக்கங்க."

குரங்கணியில் காப்பி பூத்திருந்தது. இதை நான் எந்தக் கிண்டலும் இல்லாமல்தான் எழுதுகிறேன். செடியின் ஒவ்வொரு கொம்பிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு, மல்லிகையைப் போல ஒரு வாசம். வெயில் காலத்தில் அதற்கு மேலே காட்டுக்குள் நடக்க விடமாட்டார்கள் என்பதால் தோட்டத்து ஓரமாகவே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு காற்றில் பறந்து புதர்மேலும் மண்மேலும் எங்கள் தலைமேலும் படிந்தது. மதியும் இனியாவும் அதை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். கட்டுரை எழுதியவர் ஊரில் வசந்தம் வந்தால் பனி போய்விடும். எங்களுக்கு அப்போதுதான் விழுகிறது.

லோடு வரவில்லை. மூட்டை கட்ட ஆள் போயிருக்கிறது என்றார்கள். பிறகு சாக்கு எடுக்க ஆள் போயிருக்கிறது என்றார்கள். முத்து ஜீப்பின் பானட்டில் ஏறி உட்கார்ந்து, "வந்துக்கிருக்கு மாப்ளே" என்று அவ்வப்போது ஆறுதல் சொன்னார். அதற்குள் மழை வந்துவிட்டது. பத்தே நிமிடம் அடித்துவிட்டு நின்றது. தடம் முழுக்கக் குட்டை.

குட்டையைப் பார்த்ததும் எனக்குக் கால் பரபரத்தது. கட்டுரையின் கடைசிப் பத்தி அதுதான். பெற்றோரும் கூச்சத்தை விட்டுக் குழந்தையாகவே மாறிக் குதிக்க வேண்டும் என்றிருந்தது. செருப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டு நானே முதலில் குதித்தேன். மதி குதித்தாள். இனியாவும் கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னிடமிருந்து தள்ளியே நின்று குதித்தாள். காப்பித் தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முத்து அவர்களிடம், "எங்க மாப்ளேதான். குவைத்துல இருக்காரு" என்று விளக்கம் கொடுத்தார். அது போதுமானதாக இருந்தது.

திடீரென்று இனியா அலறினாள். ஓடிப்போய் என்னவென்று பார்த்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. என் காலைக் காட்டி அலறினாள். கெண்டைக்காலில் இரண்டு அட்டைகள் குடித்துக் கொழுத்துத் தொங்கின. விரல் இடுக்கில் ஒன்று. ரத்தம் மழைத்தண்ணீரில் கலந்து பாதம் வரைக்கும் வழிந்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

"மாப்ளேக்கு ரத்தம்" என்று அழுதாள். "அம்மா, மாப்ளேக்கு ரத்தம் வருது."

முத்து வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினார். அட்டைகள் விழுந்தன. ரத்தம் நிற்கவில்லை, அட்டைக்கடியில் அது சீக்கிரம் நிற்காது. இனியா அழுதுகொண்டே ஓடிப்போய் ஒரு கைப்பிடி இலவம்பஞ்சைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் காலில் வைத்து அழுத்தினாள். அது சிவந்ததும் இன்னொரு கைப்பிடி கொண்டுவந்தாள். மூன்று நாளாகத் தொடவிடாத பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் உச்சந்தலையில் ஒட்டியிருந்த பஞ்சை நான் எடுத்தேன். அவள் தட்டிவிடவில்லை. எனக்கு அப்போது அழுகை வந்தது. மழையில் நனைந்தவன் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு சௌகரியம்.

ஒருவழியாக லோடு வந்தது. ஜீப்புக்குள் மூட்டைகளைத் திணித்து, மூட்டைகளின்மேல் எங்களைத் திணித்தார் முத்து. இனியா தானாகவே என் மடியில் வந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் எல்லோரும் தும்மிக்கொண்டே வந்தோம். பாதி வழியில் ஒரு வளைவில் முத்து ஜீப்பை நிறுத்தி, "இங்கதான் டவரு கெடைக்கும். பேசுறவக பேசிக்கங்க" என்றார். பஞ்சுக் கடைக்காரரிடம் லோடு வருகிறதென்று சொல்ல அவரும் கைபேசியை எடுத்தார்.

இனியா மதியின் காதில் ஏதோ சொன்னாள். மதி என் காதில் சொன்னாள்.

"அப்பாவுக்குப் போன் போடணுமாம்" என்றாள். "நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போங்க அப்பா."

இறங்கி, வளைவைத் தாண்டி ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றேன். மாப்ளே எதற்கு ஒதுங்குகிறார் என்று முத்து ஒரு முடிவுக்கு வந்து நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் கைபேசி அதிர்ந்தது. அந்த டவருக்குப் படம் வராது. பேச்சு மட்டும்தான்.

"அப்பா" என்றாள் இனியா.

பாறையில் சாய்ந்துகொண்டேன். "சொல்லு ஆத்தா."

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ எங்க இருக்க?"

"மலைக்குப் போனேன்."

"மலையில என்னா சோலி?"

"சோலி இல்ல. சும்மா. மாப்ளே கூட்டிட்டுப் போனாரு."

"மாப்ளே எப்பிடி? நல்லவரா?"

அவள் யோசித்தாள். "நல்லவருதான். பட்டம் விடத் தெரியாது. அட்டை கடிச்சா அழ மாட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, மாப்ளே வெள்ளிக்கெழம போயிருவாராம். அம்மா சொன்னாங்க. நீங்க அவர்ட்டச் சொல்லுங்க. போக வேணாம்னு சொல்லுங்க."

ஹலோ, ஹலோ என்று அவள் இரண்டு முறை கேட்டாள். டவர் போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.

"சொல்றேன் ஆத்தா" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் மூட்டையின்மேல் முழங்காலிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, அப்பா ஒங்ககிட்டப் பேசுனாரா?"

"பேசுனாரு."

"என்னா சொன்னாரு?"

செல்வி என்னைப் பார்க்கவில்லை. மதி என்னை மட்டுமே பார்த்தாள்.

"போக வேணாம்னு சொன்னாரு" என்றேன்.

"அப்ப ஏறுங்க. வெரசா" என்று சொல்லி எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்பிவிட்டேன். இங்கே வந்து சேர்ந்ததும் அறைத்தோழன் வசந்தம் எப்படி இருந்தது என்று கேட்டான். காலில் இருந்த தழும்பைக் காட்டினேன். இப்போது தாடி பழையபடி வளர்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் கைபேசியில் இனியா வருகிறாள். அப்பா, சாப்டீங்களா என்று கேட்கிறாள். அடுத்து, மாப்ளே அங்க வந்துட்டாரா என்று கேட்கிறாள். நேற்று, வந்துவிட்டார், இங்கேதான் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நீங்க அங்கயே இருந்துக்கங்கப்பா. அவர மட்டும் இங்க அனுப்பி விடுங்க" என்றாள்.